மூன்றில் ஒருத்தி

பெர்த்
3 ஆகஸ்ட் 1996

அன்புள்ள லெஸ்,

மூன்று வருடமாக எழுதாதவள் எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு நிர்வாகப் படிப்புப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒன்று பாஸ்டனில், மற்றது சிகாகோவில். முடித்து வந்தால் சுரங்கங்களை நடத்துகிறவர்களின் மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். இப்போது அந்த மேஜையில் வரைபடத்தை வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். உள்ளே அதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிகிறது. எனக்கு முப்பது வயதாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் போனால் என் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்கமாட்டார்களாம்.

இதைச் சொன்னவர் சிட்னிக்காரர். இந்தப் பள்ளிகளில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோட்டுச் சொல்வதே அவருடைய தொழில். என் மதிப்பெண், வேலை, வயது எல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். "இஞ்சினியருங்க மூட்டை மூட்டையா அப்ளை பண்றாங்க மேடம். ஆனா ப்ரோக்கன் ஹில்லுல பூமிக்கடியில நாலு வருஷம் வேலை பாத்த பொம்பள? அப்படி ஒரு காகிதத்த அவங்க பாத்திருக்கவே மாட்டாங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சுக்கு ரெண்டு. பரிந்துரை கனமா இருந்தா அஞ்சுக்கு மூணு," என்றார்.

அந்தக் கனம் உங்கள் கையில் இருக்கிறது. பெரிய மேலாளர்கள் என் அறிக்கைகளைப் பார்த்தவர்கள். என்னைப் பார்த்தவர் நீங்கள்தான். முதல் நாள், சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் பதினோரு ஆண்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபோர்மேன் நீங்கள் மட்டும் திரும்பி, "ஜோ கலேப் பொண்ணு. தலைய குனிஞ்சு நில்லு, உங்கப்பன விட ஒசரமா இருக்க," என்றீர்கள். அப்பா அதே கூண்டில் இறங்கித் திரும்பி வராதபோது எனக்கு எட்டு வயது. அந்தக் கூண்டில் அவருடைய பெயரைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

படிவங்கள் இரண்டையும் இணைத்திருக்கிறேன். நிரப்பி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு நீங்களே நேராக அனுப்ப வேண்டும். நான் பார்க்கக் கூடாது என்பது விதி.

அன்புடன்,
வெஸ்னா

*

ப்ரோக்கன் ஹில்
19 ஆகஸ்ட் 1996

வெஸ்னா,

படிவங்களைப் பேனாவால் நிரப்பி அனுப்பிவிட்டேன். தட்டச்சு செய்தால் நல்லது என்று ஓரத்தில் போட்டிருந்தது. நல்லது என்றுதான் போட்டிருந்ததே தவிர கட்டாயம் என்று போடவில்லை.

என் படிப்பு என்ன என்று ஒரு கேள்வி. பதினான்கு வயதில் பள்ளியை விட்டேன், நில அளவையும் காற்றோட்டக் கணக்கும் தபால் பாடங்களில் கற்றேன் என்று எழுதினேன். இடம் போதவில்லை. மூன்று முறை என் தலைக்கு மேலே பட்டம் வாங்கிய பையன்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்தேன். கேட்டார்கள், சொன்னேன்.

உன் சிட்னிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்க்காமல் மேலே நின்றுகொண்டே இங்கே இவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சொல்லும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன். நான் எந்த இஞ்சினியரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை. அதற்கு மேல் கேட்காதே.

போன வாரம் புழுதிக்காற்று. உன் அம்மாவின் கல்லறையைத் துடைத்துவிட்டு வந்தேன். அவளைப் புதைத்து இரண்டு வருடம் ஆகிறது, கல் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.

லெ. ட்ரெலோர்

*

பெர்த்
11 மார்ச் 1997

அன்புள்ள லெஸ்,

இரண்டு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். பாஸ்டன் ஜனவரியில், சிகாகோ நேற்று.

பாஸ்டனுக்குத் தொலைபேசி செய்தேன். சேர்க்கை அலுவலகத்தில் ஒரு பெண். நல்லவள். என் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க மார்க் பிரச்சனை இல்ல. கட்டுரை நல்லா இருக்கு. ஆனா உங்ககூட நெருக்கமா வேலை செஞ்சவரு உங்களப் பத்தி உற்சாகமா எழுதல. அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது," என்றாள். பிறகு, "அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். சண்டை ஒன்றும் இல்லைதானே, லெஸ்?

கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். என்ன எழுதினீர்கள்?

வெஸ்னா

*

ப்ரோக்கன் ஹில்
20 மார்ச் 1997

வெஸ்னா,

மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. எழுதியதை அப்படியே தருகிறேன்.

"வெஸ்னா கலேப் மோசமில்லை. வேலை தெரியும். சொன்னால் கேட்டுக்கொள்வாள். நான் இவளோடு கீழே இறங்குவேன்."

இதில் எது குறை? நாலு வருடம் நீ இந்தச் சுரங்கத்தில் இருந்தாய். அந்த நாலு வருடத்தில் இந்த ஊரில் யாராவது யாரையாவது 'அற்புதம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? கிழவன் ஸ்னோயி நாற்பது வருடம் துளைக்கருவி பிடித்தவன். ஓய்வு பெற்ற நாளில் நான் எழுந்து நின்று, "மோசமில்லடா ஸ்னோயி" என்றேன். அவன் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான். நீயும் அங்கே இருந்தாய்.

பிறகு ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தெரிந்த இஞ்சினியர்களோடு உன்னை ஒப்பிட வேண்டும். நூறில் இருவர், பத்தில் ஒருவர், மூன்றில் ஒருவர், நடுத்தரம், அதற்கும் கீழே. நான் உட்கார்ந்து எண்ணினேன். என் காலத்தில் பட்டம் வாங்கிய இஞ்சினியர்கள் பதினான்கு பேர் என்னோடு இருந்தார்கள். வேலை தெரிந்தவர்கள் ஐந்து பேர். நீ அந்த ஐந்தில் ஒருத்தி. பதினான்கில் ஐந்து என்றால் மூன்றில் ஒருவர் பக்கம்தான் வருகிறது. அங்கே குறியிட்டேன்.

கணக்கில் பிழை இருந்தால் சொல்.

லெ. ட்ரெலோர்

*

பெர்த்
2 ஏப்ரல் 1997

லெஸ்,

கணக்கில் பிழை இல்லை. அதுதான் கொடுமை.

உங்கள் கடிதத்தைச் சிட்னிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "மோசமில்ல" என்ற இடத்தில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கட்டத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மேடம், அந்தப் படிவத்துல எல்லாருமே முதல் கட்டத்துலதான் இருப்பாங்க. பெரியவருக்குக் கோபம்னா ரெண்டாவது கட்டம். மூணாவது கட்டத்துல குறி போட்டா, இந்த ஆள எடுத்துராதீங்கன்னு தந்தி அடிச்ச மாதிரி," என்றார்.

லெஸ், எனக்கு நீங்கள் சொன்னது புரிகிறது. எனக்குப் புரிந்து என்ன பயன்? பாஸ்டனில் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுபது கோப்பு படிக்கும் ஆளுக்குப் புரியவேண்டும். அவருக்கு ஸ்னோயியைத் தெரியாது.

இன்னும் ஒரு முறை விண்ணப்பிக்கலாம். இதுதான் கடைசி. நவம்பர் பத்துக்குள் போய்ச் சேரவேண்டும். போன முறை எழுதியவரே மறுபடி எழுதினால் நல்லது என்கிறார் சிட்னிக்காரர். அவரே மனம் மாறிவிட்டார் என்று தெரியுமாம்.

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். விண்ணப்பிக்கிறவர் எழுதுவார், பெரியவர் கையெழுத்துப் போடுவார். இதில் பொய் ஏதும் இல்லை. "நாற்பத்தாறு வருட அனுபவத்தில் நான் கண்ட மிகச் சிறந்த இஞ்சினியர்" என்ற வரி கொஞ்சம் அதிகம்தான். "இவருடைய திட்டங்களால் உற்பத்தி பதினெட்டு சதவீதம் கூடியது" என்பது நிறுவனத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது.

ஒரு கையெழுத்து. உறையின் குறுக்கே இன்னொன்று. என் வாழ்க்கையில் உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

வெஸ்னா

*

ப்ரோக்கன் ஹில்
14 ஏப்ரல் 1997

வெஸ்னா,

கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

உற்பத்தி பதினெட்டு கூடியது புது லாரிகளால். உனக்கும் தெரியும்.

வேறொருவர் எழுதிய வார்த்தைகளுக்குக் கீழே என் பெயர் வராது. நீ எழுதியதாக இருந்தாலும் வராது. நீ எழுதியதாக இருப்பதால் நிச்சயமாக வராது. பழைய கடிதத்தை வேண்டுமானால் மறுபடி அனுப்புகிறேன்.

லெ. ட்ரெலோர்

*

பெர்த்
29 ஏப்ரல் 1997

ட்ரெலோர் அவர்களுக்கு,

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். கோபம் தணியும் என்று பார்த்தேன், தணியவில்லை.

மூன்று முறை உங்கள் தலைக்கு மேலே பட்டம் வாங்கியவர்களை உட்காரவைத்தார்கள். அதை என் படிவத்தின் ஓரத்தில்கூட எழுதாமல் உங்களால் இருக்க முடியவில்லை. நான் அந்த மூன்று பேரில் ஒருத்தி இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் நானும் பட்டம் வாங்கினவள்தான். மேலே போகிறவர்களை உங்களுக்குப் பிடிக்காது. நான் உங்களுக்குக் கீழே, அந்தக் கூண்டுக்குள், தலையைக் குனிந்து நிற்கும்வரை 'மோசமில்லை.' வெளியே போனதும் மூன்றில் ஒருத்தி.

அப்பா உயிரோடு இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். அதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இனி தொந்தரவு செய்யமாட்டேன்.

வெ. கலேப்

*

ப்ரோக்கன் ஹில்
1 ஜூன் 1997

வெஸ்னா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கிழிக்காமல் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன் அப்பனின் பெருக்கல் குறியைப் பற்றி எழுதினாய். நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபத்து மூன்றில் எங்கள் பிரிவுக்கு ஃபேர்லி என்று ஒரு இஞ்சினியர் வந்தான். மெல்பர்னிலிருந்து. கெட்டவன் இல்லை. காது கேட்காதவன் என்று சொல்லலாம். மருத்துவர் பார்த்தால் காதில் கோளாறு ஒன்றும் இருக்காது. யார் என்ன சொன்னாலும் வரைபடத்தைக் காட்டுவான். எட்டு மாதம் அவனோடு மல்லுக்கட்டினேன். எப்படியாவது என் பிரிவிலிருந்து போனால் போதும் என்று இருந்தது.

இந்த ஊரில் ஒருவனைத் தொலைக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? நீ இங்கே பிறந்தவள், உனக்குத் தெரியும். திட்டி எழுதினால் அவன் நம் தலையிலேயே கிடப்பான். புகழ்ந்து எழுதினால் மேலே போவான், வேறு இடத்துக்குப் போவான். எல்லா ஃபோர்மேன்களும் செய்ததுதான். குடிகாரர்களை, திருடர்களை, சோம்பேறிகளை எல்லாம் நாங்கள் புகழ்ந்தே அனுப்பியிருக்கிறோம். அதற்காகச் சிரித்திருக்கிறோம்.

ஒரு நாள் காலை மேலாளர் தட்டச்சு செய்த ஒரு தாளோடு வந்தார். கீழே இருக்கும் பெரிய பிரிவுக்கு ஃபேர்லியைப் போடப்போகிறார்கள். ஃபோர்மேன் ஒருவனின் வார்த்தை இருந்தால் தொழிற்சங்கம் மறுப்பு சொல்லாது. "ஒரு கையெழுத்து போட்டுரு லெஸ். நீயும் நிம்மதி, நானும் நிம்மதி," என்றார். வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்துப் போட்டேன். முதல் வரி மட்டும் படித்தேன். 'பாறையை இவரைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை' என்று இருந்தது. சிரிப்பு வந்தது.

உன் அப்பா அந்தப் பிரிவில் இருந்தான்.

எழுபத்து நான்கு, மே. கூரைப் பாறை சத்தம் போடுகிறது என்று ஜோ இரண்டு நாள் சொன்னான். ஆட்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை ஃபேர்லியிடம் போய், "சார், மேல பேசுது. இன்னிக்கு வேணாம்," என்றான். ஃபேர்லி வரைபடத்தைக் காட்டினான். ஜோ நகரவில்லை. அப்போது ஃபேர்லி சொன்னதாக விசாரணையில் ஸ்னோயி சொன்னான், நானும் அங்கே உட்கார்ந்து கேட்டேன்: "உன் பழைய ஃபோர்மேன் ட்ரெலோரே எழுதிக் குடுத்திருக்கான், பாறை பத்தி எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாதுன்னு. அவன் சொன்னா நீ கேப்பல்ல?"

நான் சொன்னால் ஜோ கேட்பான். எப்போதும் கேட்பான். உள்ளே போனான்.

அடக்கம் முடிந்த வாரம் உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காபி வைத்தாள். அந்தச் சின்னக் கோப்பையில், அடியில் மண்டியோடு. "குடி," என்றாள். குடித்தேன். பிறகு, "வெஸ்னாட்ட சொல்லாத. அவளுக்கு வெறுக்க ஒரு ஆளு வேணாம். பாறை விழுந்துச்சு, அவ்வளவுதான்," என்றாள். இருபது வருடம், அவள் சாகும்வரை, கடையில் பார்த்தால் தலையாட்டுவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கேட்டபடி நானும் உன்னிடம் இதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் நான் புகழ்ந்ததில்லை. மற்றவர் எழுதிய தாளில் சம்பளத் தாள் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இதனால் பலருக்குக் கெடுதல் நடந்திருக்கலாம். உனக்கு நடந்திருக்கிறது. தெரிந்துதான் சொல்கிறேன், போடமாட்டேன்.

பொறாமை என்று எழுதாமல் எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் காரணம் அது இல்லை.

லெஸ்

*

பெர்த்
7 ஏப்ரல் 1998

லெஸ்,

பத்து மாதமாயிற்று. உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாஸ்டனில் எடுத்துக்கொண்டார்கள். சிட்னிக்காரர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். "நான்தான் சொன்னேன்ல மேடம், அஞ்சுக்கு மூணு!" என்றார்.

நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இங்கே என் மேலாளர் கோட்டாமின் பெயரைப் போட்டேன். நாற்பத்தாறு வருட அனுபவத்தை இருபத்திரண்டு ஆக்கினேன். மற்றபடி ஒரு சொல் மாற்றவில்லை. அவர் அறைக்குக் கொண்டுபோனேன். யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். "எங்க போடணும்?" என்று வாயசைத்துக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். போட்டார். உறையின் குறுக்கேயும் போட்டார். தொலைபேசியை வைக்கவே இல்லை.

முழுதாக அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் கதவருகே வந்துவிட்டேன். உங்கள் வண்டியின் முன்பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்று உறையைக் கிழித்தேன் என்று எழுதத்தான் ஆசை. கிழிக்கவில்லை. அன்று மதியமே தபாலில் சேர்த்தேன்.

என் அப்பாவை உள்ளே அனுப்பிய அதே மாதிரித் தாள் ஒன்றால் நான் உள்ளே போகிறேன். இதை யாரிடம் சொல்வது? அம்மா இல்லை. நீங்கள்தான் மிச்சம்.

உங்களை வெறுக்க முடியுமா என்று பார்த்தேன். சில நாள் முடிகிறது. அம்மாவுக்குத் தெரிந்து, ஸ்னோயிக்குத் தெரிந்து, விசாரணையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் நாலு வருடம் அந்தக் கூண்டில் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும், லெஸ். கீழே நீங்கள் என்னிடம் காட்டிய பரிவெல்லாம் அப்பாவுக்காகவா? அந்த 'மோசமில்லை' என்னைப் பற்றியா, அல்லது அவருடைய மகள் என்பதற்காக எழுதியதா? அது என்னைப் பற்றியதுதான் என்றால் எனக்கு அது வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வேண்டும்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி கிளம்புகிறேன். ஊருக்கு வரமாட்டேன். வந்தால் உங்கள் வீட்டு வாசலில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பெர்த்திலிருந்து சிட்னி போகும் காலை விமானம் சில நாள் ப்ரோக்கன் ஹில்லுக்கு மேலே போகும் என்கிறார்கள். பதினொரு மணி வாக்கில் இருக்கும்.

வெஸ்னா

*

ப்ரோக்கன் ஹில்
18 ஆகஸ்ட் 1998

வெஸ்னா,

இந்தக் கடிதம் நீ போன பிறகுதான் உனக்குக் கிடைக்கும். தெரிந்துதான் அனுப்புகிறேன். முன்பே வந்திருந்தால் எனக்குப் பதில் எழுதவேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த முதல் நாள் உன் அப்பாவுக்காகத்தான் உன்னைக் கூண்டில் ஏற்றினேன். மறைக்கவில்லை. ஆனால் ஜோவின் மகள் என்பதற்காக உன்னை இன்னும் கடுமையாகத்தான் பார்த்தேன். இன்னொரு ஃபேர்லி வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் கண்காணித்தேன்.

தொண்ணூற்று ஒன்று, செப்டம்பர். இருபத்திரண்டாம் மட்டம். நீ வரைந்த திட்டப்படி மறுநாள் அந்தப் பாறைத்தூணை வெட்ட வேண்டும். ஸ்னோயி உன்னிடம் வந்து, "பொண்ணே, மேல பேசுது," என்றான். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ வரைபடத்தை எடுத்தாய். இதோ காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நீ அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "எங்க பேசுது? எனக்கும் காட்டு," என்றாய். கால் மணி நேரம் அவனோடு இருட்டில் நின்று கேட்டாய். திரும்பி வந்து பன்னிரண்டு ஆண்கள் முன்னால், "நான் வரைஞ்சது தப்பு. எல்லாரும் வெளிய வாங்க," என்றாய்.

அந்தக் கூரை பத்தொன்பது நாள் கழித்துத்தான் விழுந்தது. கீழே யாரும் இல்லை. அதற்குள் அந்த நாட்களுக்கான தாது குறைந்தது என்று உனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நீ உன் விண்ணப்பத்தில் இதை எழுதவில்லை என்று நினைக்கிறேன். எதுவும் நடக்காத ஒன்றைச் சாதனை என்று எப்படி எழுதுவது என்று விட்டிருப்பாய். பதினெட்டு சதவீதத்தை எழுதினாய்.

போன வருடம் நீ கோபமாக எழுதிய கடிதம் வந்தபின் மறுபடி எண்ணிப்பார்த்தேன். நான் முதலில் எண்ணியது வேலை தெரிந்தவர்களை. அது தவறான கேள்வி. ஆட்கள் சொன்னதைக் கேட்டுத் தான் வரைந்த கோட்டைத் தானே அழித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருக்க வேண்டும். பதினான்கில் ஒருத்தி.

கடிதத்தோடு நீ அனுப்பி, நான் திருப்பாமல் வைத்திருந்த புதுப் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. நூறில் இருவர் என்பதில் குறியிட முடியாது, நூறு பேரை நான் பார்த்ததில்லை. அதனால் ஸ்கேல் வைத்துப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, 'பதினான்கில் முதல் ஆள்' என்று எழுதிக் குறியிட்டேன். கீழே இருபத்திரண்டாம் மட்டத்தில் நடந்ததை எழுதினேன். பின்பக்கமும் எழுதினேன். உறையை ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். போன நவம்பர் மூன்றாம் தேதியே முடித்துவிட்டேன், வெஸ்னா. பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பவில்லை.

ஏன் என்று இத்தனை மாதம் யோசித்தேன். இந்த ஊரில் புகழ்ந்து எழுதுவது ஒருவரை அனுப்பிவைக்கத்தான். என்னால் யாரைப் பற்றியும் மனதார அப்படி எழுத முடியாது என்றே இருந்தேன். எழுதிவிட்டேன். எழுதியதைத் தபால்பெட்டிவரை இரண்டு முறை கொண்டுபோனேன். நீ கேட்டாயே, கீழே இருக்கும்வரைதான் உன்னைப் பிடிக்குமா என்று. அப்போது இல்லை என்று உறுதியாக இருந்தேன். தபால்பெட்டி முன்னால் நின்றபோது அவ்வளவு உறுதி இல்லை.

உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். யாருக்கும் தேவையில்லாத படிவம். விதிப்படி நீ பார்க்கக் கூடாது. பார்த்துக்கொள்.

நேற்று பதினொரு மணிக்குக் கூரைமேல் இருந்தேன். மேற்குப்பக்கத் தகரம் ஒன்று காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது, அதை அடிக்கத்தான் ஏறினேன். இளைக்கும் இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஏறியதற்குப் பக்கத்து வீட்டுக்காரி திட்டினாள். ஒரு விமானம் போயிற்று. அவ்வளவு உயரத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

ஆணி அடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

அங்கே யாராவது 'மேலே பேசுகிறது' என்று சொன்னால், நீ வரைந்ததை மடித்து வை.

லெஸ்